குட்டன் கழுத்தில் கட்டியது

பனச்சமூடு,
8 ஜனவரி 2025

மரியாதைக்குரிய கோமளவல்லி அம்மா அவர்களுக்கு,

எதிர்வீட்டு ஷீனா எழுதுவது. பிக்கப் ஓட்டுகிற அஜேஷின் மனைவி. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாக இருக்கிறேன். நான்கு மாதமாக எனக்கு இரவு டியூட்டி. காலையில் வந்து சோறு வடித்து வைத்துவிட்டுப் படுப்பேன். அப்போதுதான் உங்கள் நாய் தொடங்கும். மீன்காரர், பள்ளி வேன், காக்கை, தேங்காய் விழும் சத்தம், எல்லாவற்றுக்கும் குரைக்கிறான். தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

நேரில் சொல்ல உங்கள் கேட் வரை வந்தேன். அவன் போட்ட சத்தத்தில் நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு எங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்ன இடத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "வழிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடாக்கும் மோளே. அங்க குரைக்கிற பட்டிய நாங்க இங்க இருந்து என்ன செய்ய ஒக்கும்?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் கேட் பெட்டியில் போடுகிறேன்.

போன வாரம் வார்டில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியோடு அடுத்த கட்டிலில் கிடந்தவரின் கையைப் பிடித்துவிட்டேன். கூட இருந்தவள் பார்த்ததால் தப்பித்தது. உறக்கம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது அம்மா.

நாயை வளர்க்கத் தெரியாவிட்டால் வளர்க்காமல் இருக்கலாம். கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

ஷீனா

*

பனச்சமூடு,
10 ஜனவரி 2025

திருமதி ஷீனா அஜேஷ் அவர்களுக்கு,

தங்கள் 8-ஆம் தேதிய கடிதம் கிடைத்தது. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் மனுக்களைப் படித்தவள் நான். மனுதாரர் மனத்தில் உள்ளது கடைசி வரியில்தான் வரும். தங்கள் கடைசி வரியையும் படித்தேன்.

நாயின் பெயர் குட்டன். வெள்ளறடை ரோட்டோரம் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவனை என் மகன் ஈஸ்வர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அப்போது அவனுக்கு வேலை இல்லை. ஃபில்லரில் பால் கொடுத்து, தன் கட்டிலிலேயே படுக்க வைத்து வளர்த்தான். பெங்களூரில் வேலை கிடைத்ததும் எனக்குத் துணையாக விட்டுப் போனான். இந்த வீட்டில் நான் தனி ஆள். சென்ற மழைக்காலத்தில் எவனோ பின்பக்கம் புகுந்து ரப்பர் ஷீட்டைச் சுருட்டியபோது குரைத்து விரட்டியவன் குட்டன்தான். குரைப்பது அவன் குற்றமில்லை.

எனினும் ஊசி மாறிப்போகும் அளவுக்கு விஷயம் உள்ளது என்று தாங்கள் எழுதியிருப்பதை நான் அலட்சியம் செய்யவில்லை. பொங்கலுக்கு ஈஸ்வர் வருகிறான். ஆவன செய்யப்படும்.

இப்படிக்கு,
கோமளவல்லி

*

பனச்சமூடு,
20 ஜனவரி 2025

திருமதி ஷீனா அவர்களுக்கு,

எதிர்பார்த்ததைவிட விரைவில் காரியம் முடிந்தது. பெங்களூரில் நாய்களைப் பழக்கும் ஒருவரிடம் கேட்டு ஈஸ்வர் ஒரு பெல்ட் வாங்கி வந்தான். ஷாக் பெல்ட் என்று பெயர். குரைத்தால் முதலில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். மீறிக் குரைத்தால் கழுத்தில் சிறு அதிர்ச்சி. எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. ஈஸ்வர் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொசு கடிச்ச மாதிரி ஆக்கும் அம்மா. எல்லா நாட்டுலயும் இப்படித்தான் பழக்குதாங்க" என்றான்.

மூன்றே நாளில் குட்டன் வாயை மூடிவிட்டான். ஈஸ்வர் பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். நீங்கள் உறங்கலாம்.

கோமளவல்லி

*

பனச்சமூடு,
2 பிப்ரவரி 2025

அம்மா,

நன்றி சொல்ல வேண்டிய கடிதம் இது. முதல் இரண்டு நாள் நினைவில்லாமல் உறங்கினேன். அஜேஷ் வந்து எழுப்பியதுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உறக்கம் போய்விட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். இடையிடையே உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது. குரைப்பதற்கு வாயைத் திறந்து பாதியில் விழுங்கியதுபோல. அதைக் கேட்ட பிறகு புரண்டு புரண்டு படுக்கிறேன்.

முன்பெல்லாம் நான் பஸ் இறங்கி வரும்போது கேட்டுக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக் குரைப்பான். வால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அன்றைக்கு எரிச்சலாக இருந்ததால் நான் வாலைப் பார்க்கவில்லை. இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டாலே தரையோடு ஒட்டிக்கொள்கிறான். நேற்று நின்று பார்த்தேன். அப்படியே மூத்திரம் போய்விட்டான். என்னைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அதிகம் அடித்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் அதிகம் குரைத்தது என்னைப் பார்த்துத்தானே.

இன்னொன்று. பெல்ட்டுக்குக் கீழே முடி ஒட்டிப்போய் ஈரமாக இருக்கிறது. வார்டில் புண்ணுக்குக் கட்டை இறுக்கிக் கட்டி அப்படியே விட்டால் தோல் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். முடிந்தால் பிறகு கட்டாதீர்கள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

ஷீனா

*

பனச்சமூடு,
5 பிப்ரவரி 2025

திருமதி ஷீனாவுக்கு,

சத்தம் கூடாது என்றீர்கள். நிறுத்தினேன். இப்போது சத்தமில்லாததால் உறக்கம் வரவில்லை என்கிறீர்கள். அலுவலகத்தில் இப்படி ஒரு மனு வந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பேன் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை.

ஈஸ்வரிடம் போனில் சொன்னேன். "பழகுற சமயத்துல கழட்டினா எல்லாம் பாழாப் போகும் அம்மா. ஒரு மாசம் பொறுங்க" என்றான். அவனைவிடக் குட்டன்மேல் அன்புள்ளவர் யாரும் இல்லை. அவன் கட்டியதை நான் எப்படிக் கழற்றுவேன்?

குட்டன் இப்போது நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் சாப்பிட வருகிறான். சில நாள் அப்படியே கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது. இதைத் தாங்கள் கேட்கவில்லை. ஏன் எழுதினேன் என்றும் தெரியவில்லை.

கோமளவல்லி

*

பனச்சமூடு,
16 பிப்ரவரி 2025, மாலை

ஷீனா அவர்களுக்கு,

காலையில் ஒரு கல்யாணத்துக்காக மார்த்தாண்டம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கேட் விரியத் திறந்து கிடக்கிறது. தூணில் சங்கிலி தொங்குகிறது, அதன் முனையில் பெல்ட் அறுத்துப் போட்டபடி. குட்டனைக் காணவில்லை. படியில் ரத்தம். அவனுடையதா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருக்கிறது. அஜேஷின் வண்டியையும் காணவில்லை. அந்தப் பெல்ட் வேண்டாம் என்று எனக்கு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அறுத்தது நீங்களா? எங்கே விட்டீர்கள் அவனை? வாயில்லாத அந்த ஜீவனை ரோட்டில் துரத்தி விடுவதுதான் உங்கள் இரக்கமா?

இதைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுத் தேடப் போகிறேன்.

கோமளவல்லி

*

பனச்சமூடு,
18 பிப்ரவரி 2025

அம்மா,

அறுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உறங்கிக்கொண்டிருந்தேன். கோயில் உற்சவத்தில் வெடி போடத் தொடங்கினார்கள். முதல் வெடிக்குக் குட்டன் ஒரு தடவை குரைத்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு முழுக் குரைப்பு. அதற்கடுத்து அலறினான். நான் எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி அலறினான். வெடி நின்றுவிட்டது, அலறல் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் என்ன நடக்கிறது என்று விளங்கியது. ஷாக் அடித்தால் அலறுகிறான். அலறினால் பெல்ட் அதையும் குரைப்பு என்று எடுத்துக்கொண்டு திரும்ப அடிக்கிறது. அவன் வாயை மூடினால் நிற்கும். வலிக்கும்போது எப்படி வாயை மூடுவான்?

கேட்டில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். அஜேஷ் லோடு ஏற்றப் போயிருந்தான். நான் பேகிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் கை விட்டுக் கொண்டியை நீக்கினேன். குட்டன் தூணைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலியை இறுக்கி வைத்திருந்தான். சங்கிலியின் கொக்கியும் அந்தப் பெல்ட்டிலேயே மாட்டியிருந்தது. வாயெல்லாம் நுரை. "மக்கா, குட்டா, ஒண்ணுமில்லலே, இப்ப எடுத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடது கை விரலை நுழைத்தேன். அப்போது எனக்கும் அடித்தது. கொசுக்கடி இல்லை அம்மா. தோள்வரை வெட்டியிழுத்தது.

அவன் வாய்க்கு எட்டியது என் கை. கடித்த பிடியை விடவில்லை. நான் வலது கையால் அறுத்துக்கொண்டே இருந்தேன். பெல்ட் அறுந்து விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தான். திறந்ததும் ஓடினான். கேட்டைச் சாத்தவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. படியில் நீங்கள் பார்த்தது என் ரத்தம்.

அஜேஷ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தையல் போட்டிருக்கிறார்கள், வெறிநாய்க்கடிக்குப் போடுகிற பேப்பட்டி ஊசியும் தொடங்கிவிட்டார்கள். இருந்தாலும் கடித்த நாய் பத்து நாளாவது கண்முன் உயிரோடு இருக்க வேண்டும். தின்கிறதா, நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் எனக்காகவும் அவனைக் கண்டுபிடியுங்கள்.

ஊசி குத்துவது வலது கை. நரம்பை அசையாமல் பிடித்துக்கொள்வது இடது கைப் பெருவிரல். அது இப்போது மடங்கவில்லை.

ஷீனா

*

பனச்சமூடு,
21 பிப்ரவரி 2025

ஷீனாவுக்கு,

குட்டன் கிடைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான். நேற்றும் இன்றும் கஞ்சி குடித்தான். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் வீட்டில் இருக்கவில்லை. வெள்ளறடை வரைக்கும் நடந்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டேன். கடைசியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சிபி வந்து, "அம்மா, உங்க குட்டன் எஸ்டேட்டு புகைப்புரைக்குள்ள உண்டு. கூப்பிட்டா வரமாட்டேங்கான்" என்றான். ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற அறை அது. அடுப்புச் சாம்பலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் போனால் உதட்டைச் சுருட்டி உறுமினான், என்னைப் பார்த்து! அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் சாய்ந்த பிறகுதான் வயிற்றால் இழைந்து வந்து என் சேலை முந்தானையை மோந்தான்.

பாறசாலைக்கு ஆட்டோவில் கொண்டுபோய் மாட்டு டாக்டரம்மாவிடம் காட்டினேன். தன்யா என்று பெயர், சின்ன வயது. கழுத்து முடியை வெட்டினார். பெல்ட்டின் இரண்டு கம்பி முனையும் இருந்த இடத்தில் இரண்டு குழி. உள்ளே சீழ். ஒரு மாதமாக என் கண்முன் நடமாடியது அந்தக் கழுத்து. நீ வழியில் நின்று பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் போன் சார்ஜ் தீர்ந்து 'பீப்' என்றது. குட்டன் என் மடியிலேயே மூத்திரம் பெய்துவிட்டு சீட்டுக்கடியில் நுழைந்துகொண்டான். அன்று அணைத்த போனை இன்னும் எடுக்கவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பீப் அடிக்கும் என்று அதன் ஒயரையும் கழற்றிவிட்டேன். ஈஸ்வர் முக்குக் கடைக்காரர் எண்ணுக்குக் கூப்பிடுகிறான். "யாரு அறுத்தது? அடுத்தவங்க வீட்டுக்குள்ள கேறி இப்படிச் செய்யலாமா? கேஸ் குடுக்கணும் அம்மா" என்றான். போனைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அஜேஷும் கேட்டில் வந்து நின்றான். நீ அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டு, "அந்தப் பட்டி இனி இங்க இருக்கப்பிடாது" என்றான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்து நாள் கழிந்ததும் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று நீங்கள் இருவரும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 16-ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கோமளவல்லி

*

பொழியூர்,
3 மார்ச் 2025

அம்மா,

உங்கள் கடிதத்தை அஜேஷ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். என்னிடம் அவனுக்குக் கோபம். "உனக்கு அந்தப் பட்டிதான் பெருசு. பெருவெரல் இல்லாம எப்படி வேலைக்குப் போவ?" என்று கேட்டான். கேள்வி சரிதான். ஒரு கையால் எனக்கு முடி கட்டக்கூட முடியவில்லை. அம்மாதான் கட்டிவிடுகிறாள்.

பத்து நாள் முடிந்துவிட்டது. குட்டன் உயிரோடு இருக்கிறான் என்றால் எனக்குப் பயமில்லை. அவனைக் கொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். அஜேஷ் என்ன சொன்னாலும் கடிபட்டவள் நான். கேஸும் இல்லை, ஊசியும் இல்லை.

இதைப் படித்துவிட்டு நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபம் உண்டு. குழி விழும்வரை பார்க்காமல் இருந்தீர்களே என்று உண்டு. உங்கள் மகன்மீது உண்டு. கேஸ் கொடுக்கணுமாம்! என்மீதும் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அவன் இந்நேரம் காக்கையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருப்பான்.

இங்கே கடல் ரோட்டைத் தின்றுவிட்டது. அம்மா வீட்டுக்கு முன்னால் கல் கொட்டியிருக்கிறார்கள். ராத்திரியும் பகலும் அலை அதில் மோதுகிறது. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், கையை மடக்கிப் பார்க்கிறேன். திரும்பவும் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் பனச்சமூடு வருவேன். குட்டனைப் பார்க்க உங்கள் கேட்டுக்கு வரலாமா? அவன் பயந்தால் போய்விடுகிறேன்.

ஷீனா

*

பனச்சமூடு,
24 மார்ச் 2025

ஷீனா மக்கா,

நீ வந்து போன நாளை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. நீ கேட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தான், வந்தான், திரும்பிப் போனான், மறுபடி வந்தான். கேட் கம்பிக்குள் மூக்கை விட்டு உன் கைக்கட்டை மோந்தான். நான் கேட்டைத் திறந்ததும் வந்து உன் மடியில் தலையை வைப்பான் என்று யார் நினைத்தார்கள்? கடித்த கையிலேயே சோறு தின்றான். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அஜேஷைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். அவன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம் வருமே. அது கேட்டதும் குட்டன் சுவரில் முட்டிக்கொள்வான். போன செவ்வாய்க்கிழமை அஜேஷ் அதைப் பார்த்துவிட்டான். அப்படியே வண்டியை நிறுத்தி இறங்கினான். திட்டப் போகிறான் என்று நினைத்து நான் முன்னால் வந்து நின்றேன். அவன் வண்டிக்கடியில் படுத்து ஏதோ ஒயரைப் பிய்த்து எடுத்தான். "இதுக்கும் பயமா? என்ன ஒரு பாடு" என்றான். இப்போது பின்னால் எடுக்கும்போது தலையை வெளியே நீட்டி வாயால் கத்துகிறான். உன்னிடம் அவன் சொல்லியிருக்க மாட்டான், அதனால் எழுதுகிறேன்.

கழுத்துப் புண் ஆறிவிட்டது. முடி வெள்ளையாக முளைக்கிறது. நேற்று மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "முதல் தடவை ஷாக் அடிச்சப்ப அவன் எதைப் பார்த்துட்டு இருந்தான்?" என்று கேட்டார். நாய்க்கு எதனால் வலித்தது என்று தெரியாதாம். வலித்தபோது கண்முன்னால் என்ன இருந்ததோ அதுதான் வலித்தது என்று பிடித்துக்கொள்ளுமாம்.

நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் பெல்ட்டைக் கட்டிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க ஈஸ்வர் கேட்டுக்கு வெளியே போய் நின்று, "எலே குட்டா!" என்று கூப்பிட்டான். ஒரு வருடம் கழித்து வந்தவனாயிற்றே. குட்டன் துள்ளிக் குதித்துக் குரைத்தான். சந்தோஷத்தில் குரைத்தான். அப்போதுதான் அடித்தது. ஈஸ்வர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், குரைக்காமல் இருக்கும்வரை.

சித்திரை விஷுவுக்கு அவன் லீவு போட்டிருக்கிறான். குட்டனைப் பார்க்கத்தான் வருகிறேன் என்கிறான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராதே என்று எந்த வாயால் சொல்வேன்?

கோமளவல்லி

*

பொழியூர்,
5 ஏப்ரல் 2025

அம்மா,

அஜேஷ் ஒயரைப் பிடுங்கியதை நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "அது முன்னமே கேடாகிக் கிடந்துது" என்கிறான். நேற்று வந்தவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

பெருவிரல் ஆள்காட்டி விரலைத் தொடுகிறது. பிடி வரவில்லை. மே மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஊசி போடுகிற வேலை இல்லாத இடத்தில். பார்ப்போம்.

ஈஸ்வரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர்மீது எனக்கு இருந்த கோபம், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் வருவதற்கு முன்பே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். டாக்டரம்மா உங்களிடம் கேட்டதை அப்படியே சொல்லுங்கள். கேட்டுக்கு வந்து நின்று அறிந்துகொள்ள வேண்டாம், அது கொடுமை. வந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். தள்ளி உட்காரட்டும். அவ்வளவுதான் நானும் செய்தது.

ஷீனா

*

பனச்சமூடு,
16 ஏப்ரல் 2025

ஷீனா மக்கா,

ஈஸ்வர் நேற்று மாலை போய்விட்டான். நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் போனில் எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னேன். அவன் நம்பவில்லை. "நான் வளத்தவன் அம்மா. என்னப் பாத்தா எல்லாம் மறந்துருவான்" என்றான். சனிக்கிழமை காலை பஸ் இறங்கி வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, கூப்பிடாதே என்று நான் கை காட்டியும் கேட்காமல், சின்னக் குரலில் "குட்டா" என்றான்.

குட்டன் அந்த இடத்திலேயே நனைத்துவிட்டான். பிறகு ஓடி என் கட்டிலுக்கடியில் புகுந்தவன் ராத்திரிவரை வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து பல் தட்டுகிற சத்தம் கேட்டது. ஈஸ்வர் வாசல்படியில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான். "என்னையா அம்மா? என்னைப் பாத்தா பயப்படுதான்?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு நீ சொன்னபடியெல்லாம் செய்தான். முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தான். சோற்றில் மீனைப் பிசைந்து தள்ளி வைத்தான். குட்டன் என் கையில் தின்றான். விஷுவன்று பிக்கப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த அஜேஷ் எறிந்த பிஸ்கட்டைக்கூடத் தின்றான். ஈஸ்வர் வைத்ததைத் தொடவில்லை. அவன் எழுந்து கொல்லைப்புறம் போனால்தான் இவன் மூத்திரம் பெய்ய வெளியே வருவான். என் வீட்டுக்குள் இருவரும் ஒருவர் இல்லாத நேரம் பார்த்து நடமாடினார்கள்.

அஜேஷிடம் உன் கையைப் பற்றி விசாரித்தான். பெருவிரல் சங்கதியை அவன் சொன்னபோது ஈஸ்வர் தலை நிமிரவில்லை. "நான் வந்து அக்காகிட்ட என்ன சொல்ல?" என்றான். "ஒண்ணும் சொல்லாண்டாம். வந்து ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போரும்" என்றான் அஜேஷ். அடுத்த தடவை வரும்போது அவன் உன்னைப் பார்க்க வருவான். வந்தால் திட்டு. திட்டினால் அவனுக்குக் கொஞ்சம் ஆறும்.

திங்கட்கிழமை ராத்திரி அவன் அழுதான். அவன் அப்பா இறந்தபோதுகூட இப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று பயந்துகொண்டிருந்தேன்.

போகிறபோது, போட்டிருந்த சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாற்றிக்கொண்டான். கழற்றியதைத் திண்டுக்கு அருகில் குட்டன் படுக்கிற சாக்கின்மேல் விரித்துப் போட்டான். "டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டேன், அவங்க சொன்னாங்க. என் மணம் இங்க கெடக்கட்டும். தொவச்சுராதீங்க" என்றான். கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினான். பஸ் வளைவு திரும்பும்வரை நான் வழியிலேயே நின்றேன்.

ராத்திரி முழுவதும் குட்டன் சாக்கின் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். நகம் தரையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் விழித்தே கிடந்தேன்.

இன்று விடியற்காலம் வாசல் தெளிக்க வாளியோடு வந்தேன். அவன் வெளியே இருந்தான். சட்டையின்மேல் படுக்கவில்லை. அதிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வெறும் சிமெண்டுத் தரையில், எழுந்து ஓடுவதற்கு வாகாக முன்காலை ஊன்றிப் படுத்திருந்தான். உறங்கவில்லை. கண் திறந்தே இருந்தது. கழுத்தை நீட்டி, மூக்கை மட்டும் சட்டையின் பக்கம் வைத்து, மோந்துகொண்டே இருந்தான்.

நான் தண்ணீர் தெளிக்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

கோமளவல்லி